ரகம் கெட்டதா, தாய் மெலிந்ததா?

விதைப் பக்கம் - வாசகர் கேள்விகளுக்கான பகுதி

''ஆறு கறவை மாடு வெச்சிருக்கேனுங்க. ரெண்டு வருஷத்துக்கு முன்னால சான்று விதை வாங்கி, அரை ஏக்கர்ல கோ.எஃப்.எஸ். 29 தீவனச் சோளம் போட்டேன். அதுல ஒரு ஓரத்தை அறுக்காம விதைக்கு விட்டு, அந்த விதையை இன்னொரு காட்டுல விதைச்சப்போ அருமையா வந்துச்சு. இந்த வருஷம் அதே பழைய காட்டுல ஆறு அறுப்பு முடிஞ்ச பிறகு, கடைசித் தழைவை விதைக்கு விட்டேன். அதுல 2 கிலோ மச்சானுக்குக் குடுத்துக் காசும் வாங்கிட்டேன். அவர் காட்டுல முளைப்பு இருக்கு. ஆனா, நாத்து நூல் மாதிரி நிக்குது, களை மூடிப்போச்சு. 'ஏமாத்திட்டே, ரகமே கெட்டுப்போன விதை'ங்கிறார். ரகம் கெட்டுப்போச்சுங்களா? மீதி விதையைத் தூக்கிப் போட்டுடலாமா? புது விதைக்குத்தான் போகணுமா?''

- திருப்பூர் மாவட்டம், காங்கேயம் பகுதி வாசகர்.

ரகம் கெடவில்லை. ஒரே சான்று விதையிலிருந்து வந்த, கலப்பு ஏதும் நடக்காத பயிர், ஒரு தலைமுறையில் ரகம் மாறிவிடாது. ஆனால், மச்சானின் புகாரும் பொய்யல்ல. அவருக்குப் போன விதை ரகத்தில் சரியானது, வீரியத்தில் குறைந்தது. இந்த இரண்டையும் ஒன்றாக நினைப்பதால்தான் நல்ல ரகங்கள் பல தோட்டங்களில் வீணாகக் கைவிடப்படுகின்றன. சுமாரான ரகங்கள் கொழுத்த விதையின் புண்ணியத்தில் நல்ல பெயர் வாங்கிக்கொள்வதும் இதனால்தான்.

'விளையும் பயிர் முளையிலே தெரியும்' என்பது பழமொழி. தீவனப் பயிரில் முளையில் முதலில் தெரிவது அந்தப் பயிரின் குணத்தைவிட, அதைப் பெற்ற தாய்ச்செடி எப்படி வளர்ந்தது என்பதுதான்.

விதைக்குள் தாயின் பங்கு எவ்வளவு?

ஒரு சோள விதையைப் பிளந்து பார்த்தால், மூன்று பகுதிகள் தெரியும். வெளியே உறை, உள்ளே மாவு, ஓரத்தில் முளைக்கரு. இந்த மூன்றிலும் தாய்க்கும் தந்தைக்கும் உள்ள பங்கு ஒன்றல்ல.

முளைக்கருவில் தாய் பாதி, தந்தை பாதி. மாவுப் பகுதியான முளைசூழ்தசையில் தாயிடமிருந்து இரண்டு பங்கு, மகரந்தத்திலிருந்து ஒரு பங்கு. விதையுறை முழுக்க முழுக்கத் தாயின் உடல். அதில் தந்தைக்கு இடமே இல்லை. விதை எவ்வளவு பெருக்கலாம் என்று இடம் ஒதுக்குவதும், உறை கெட்டியாக இருக்குமா மெல்லியதாக இருக்குமா என்று தீர்மானிப்பதும் பெரும்பாலும் தாய்தான்.

செல்லுக்குள் இருக்கும் பசுங்கணிகமும், மூச்சுக்கு வேலை செய்யும் மைட்டோகாண்ட்ரியாவும் பெரும்பாலான பயிர்களில் தாய் வழியாகவே வருகின்றன. குதிரைமசால் இதற்கு ஒரு விதிவிலக்கு. அதில் பசுங்கணிகம் இரண்டு பக்கத்திலிருந்தும் வரும். அதிலும் தந்தை வழியாக வருவதே அதிகம்.

இவை எல்லாவற்றையும்விட முக்கியமானது, தாய் கட்டிக்கொடுக்கும் சோறு. மாவு, புரதம், மணிச்சத்து, துத்தநாகம் என்று நாற்றின் முதல் சில நாட்களுக்கு வேண்டிய அத்தனையும் தாய்ச்செடியின் இலையிலிருந்தும் தண்டிலிருந்தும் வேரிலிருந்தும் விதைக்குள் போனவை. தாய் பட்டினி கிடந்தால், கட்டுச்சோறு சின்னதாகிவிடும். பிள்ளையின் பரம்பரைக் குணம் எவ்வளவு உயர்ந்ததாக இருந்தாலும், முதல் மூன்று வாரத்துக்கு அது கைகொடுக்காது.

தாயின் தாக்கத்தை ஆராய்ச்சியாளர்கள் மூன்று வகையாகப் பிரிக்கிறார்கள். தாய் வழியாக மட்டும் வரும் செல் உறுப்புகளால் வருவது ஒன்று. மாவுப் பகுதியில் தாய்க்கு உள்ள இரட்டைப் பங்கால் வருவது இன்னொன்று. தாய் வளர்ந்த மண், நீர், வெயில், வயது ஆகியவற்றால் வருவது மூன்றாவது. காங்கேயம் வாசகரின் காட்டில் நடந்தது மூன்றாவது வகை. பயிரை வளர்ப்பவரின் கையில் இருப்பதும் இந்த மூன்றாவதுதான்.

பாதி எடை என்றால், பாதி மகசூலா?

1950-களில் ஆஸ்திரேலியாவின் அடிலெய்டில், ஜே.என்.பிளாக் என்ற ஆராய்ச்சியாளர், சப்டெரேனியன் க்ளோவர் என்ற மேய்ச்சல் பயறுவகைத் தீவனத்தில் இதை அளந்து பார்த்தார். பெரிய விதையில் வந்த நாற்றுக்கு விதையிலை பெரியது. சிறிய விதையில் வந்ததற்குச் சிறியது. ஆனால், வளரும் வேகத்தில் இரண்டும் சமம். அதாவது, தன் எடையை இரட்டிப்பாக்கிக்கொள்ள இரண்டும் எடுத்துக்கொண்ட நாட்கள் ஏறக்குறைய ஒன்றுதான்.

இதை வட்டிக்கணக்காகப் பார்த்தால் எளிதில் விளங்கும். ஒரே வட்டிக்கு ஒருவர் 20 ரூபாயும், இன்னொருவர் 10 ரூபாயும் போட்டால், 10 ரூபாய் போட்டவர் எப்போதும் ஓர் இரட்டிப்பு பின்தங்கியே இருப்பார். நாற்று 5 நாளில் இரட்டிக்கிறது என்று வைத்துக்கொண்டால், பாதி எடை விதையில் வந்த நாற்று 5 நாள் பின்தங்கும். அவ்வளவுதான் இழப்பு. பாதி விதை என்பதால் மகசூல் பாதியாகிவிடாது.

அந்த 5 நாளை யார் பிடித்துக்கொள்கிறார்கள் என்பதில்தான் ஆபத்து இருக்கிறது. பெரிய விதையையும் சிறிய விதையையும் ஒரே இடத்தில் நெருக்கமாகக் கலந்து விதைத்தபோது, பெரிய விதைச் செடிகள் மேலே இலை பரப்பி வெளிச்சத்தைப் பிடித்துக்கொண்டன. சிறிய விதைச் செடிகள் நிழலில் நலிந்தன, பல செத்தும்போயின. இந்த ஆய்வை பிளாக் 1958-ல் வெளியிட்டார். ஆனால், சிறிய விதையைத் தனியாக விதைத்தபோது, இலைகள் தரையை மூடிய பிறகு வித்தியாசம் குறைந்துகொண்டே வந்தது. தரை மூடிவிட்டால், விழும் வெளிச்சம் எல்லோருக்கும் ஒன்றுதானே?

மச்சானின் காட்டுக்கு இதில் நேரடியான பாடம் இருக்கிறது. அங்கே 'பெரிய விதைச் செடி'யின் இடத்தில் நிற்பது களை. சோள நாற்று பின்தங்கிய நாட்களில் களை வெளிச்சத்தைப் பிடித்துக்கொண்டது. களையை எடுத்துவிட்டால், பயிர் பெரும்பாலும் தேறிவிடும்.

மெலிந்த நாற்றுக்கு இன்னொரு பலவீனமும் உண்டு. கட்டுச்சோறு குறைவு என்பதால், ஆழத்தில் விழுந்த சிறிய விதை மேலே வருவதற்குள் சத்து தீர்ந்துபோகும். மண் இறுகி, மேலே ஏடு கட்டினால் உள்ளேயே மடங்கிவிடும். கொழுத்த விதை 4 செ.மீ ஆழத்திலிருந்தும் வரும். மெலிந்த விதையை 2 செ.மீ-க்குக் கீழே விடக் கூடாது.

கடைசித் தழைவு ஏன் மெலிந்த விதை கொடுத்தது?

கோ.எஃப்.எஸ். 29, தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் 2001-ல் வெளியிட்ட ரகம். டி.என்.எஸ். 30 என்ற சோளத்தையும் சூடான் புல்லையும் சேர்த்து உருவாக்கப்பட்டது. விதைத்த 65-70 நாட்களில் முதல் அறுப்பு, பிறகு 50 நாட்களுக்கு ஓர் அறுப்பு என்று கொடுக்கும். இப்படி ஆறு முறை அறுத்த தூரில் என்ன நடந்திருக்கும்?

ஒவ்வோர் அறுப்பும் இலையையும் தண்டையும் மாட்டுக்கு எடுத்துக்கொண்டு போகிறது. மறுபடி தழைக்க, தூரிலும் வேரிலும் சேமித்த சத்தைச் செடி செலவழிக்கிறது. அறுப்புக்கு அறுப்பு உரம் வைக்காத மண்ணில் தழைச்சத்தும் மணிச்சத்தும் இறங்கிக்கொண்டே வரும். தூர்கள் கூடி, ஒவ்வொரு தட்டும் மெலிந்து, கதிர்கள் சிறுத்து, ஒன்றன்பின் ஒன்றாகப் பூக்கும். பால் பிடிக்கும் நேரத்தில் வெயிலும் தண்ணீர்ப் பஞ்சமும் சேர்ந்தால், மணி நிறையும் நாட்கள் குறைந்துவிடும். கதிரில் மணி எண்ணிக்கை இருக்கும், எடை இருக்காது.

'தாயைப் போல பிள்ளை' என்பார்கள். இங்கே முதல் தழைவில் விதைக்கு விட்ட ஓரமும், ஆறு அறுப்பு கண்ட தூரும் ஒரே தாய்தான். ஒரே தாய் தெம்பாக இருந்தபோது பெற்ற பிள்ளை ஒரு மாதிரி, களைத்துப்போன பிறகு பெற்ற பிள்ளை வேறு மாதிரி.

வளர்ப்பா, வம்சமா? வீட்டிலேயே சோதிக்கலாம்

நாற்றின் மெலிவு தாயின் வளர்ப்பால் வந்ததா, ரகத்தின் குணத்திலேயே கலப்பு வந்துவிட்டதா என்று அறிய பெரிய ஆய்வகம் தேவையில்லை. மூன்று படிகளில் பார்த்துவிடலாம்.

முதல் படி: வீட்டில் இருக்கும் விதையில் 100, சான்று விதையில் 100 எடுத்து, ஆற்று மணல் நிரப்பிய இரண்டு தட்டுகளில் ஒரே ஆழத்தில் போட்டு, ஒரே அளவு தண்ணீர் தெளிக்க வேண்டும். சோளத்துக்கு 4-ம் நாள் முதல் எண்ணிக்கை. 10-ம் நாள் கடைசி எண்ணிக்கை. 10-ம் நாளில் நல்ல நாற்றுகளில் பத்தைப் பிடுங்கி, வேர் நுனியிலிருந்து இலை நுனி வரை அளந்து சராசரி எடுக்க வேண்டும். முளைப்புச் சதவிகிதத்தை நாற்றின் நீளத்தால் பெருக்கினால் வருவது வீரியக் குறியீடு. 1973-ல் அப்துல்-பாகி, ஆண்டர்சன் என்ற இருவர் வகுத்த இந்தக் கணக்கைத்தான் விதை ஆய்வில் இன்றும் பயன்படுத்துகிறார்கள்.

உதாரணத்துக்கு, ஒரு விதையில் 84 முளைத்து, சராசரி நீளம் 19 செ.மீ என்றால், குறியீடு 1,596. இன்னொன்றில் 82 முளைத்து, 12 செ.மீ என்றால், 984. முளைப்பை மட்டும் பார்த்தால் இரண்டும் ஒன்றுபோலத் தெரியும். சோள விதைக்குச் சான்று பெறத் தேவையான 75 சதவிகித முளைப்பை இரண்டுமே தாண்டுகின்றன. வயலில் களையோடு போட்டி போடும்போதுதான் இரண்டாவது தோற்கும். 'முளைப்பு இருக்கு, நாத்து நிக்கலை' என்ற புகாரின் காரணம் இதுதான்.

இரண்டாம் படி: இரண்டு விதைகளையும் ஒரே சல்லடையில் சலித்து, ஒரே பருமனுள்ள மணிகளை மட்டும் எடுத்து, அதே சோதனையைத் திரும்பச் செய்ய வேண்டும். வித்தியாசம் பெருமளவு மறைந்தால், குறை விதையின் பருமனில்தான் இருக்கிறது. மறையாவிட்டால், விதை பழையதாகவோ, ஈரத்தில் கெட்டதாகவோ, பூஞ்சணம் ஏறியதாகவோ இருக்கலாம்.

மூன்றாம் படி: இரண்டு விதைகளையும் ஒரே காட்டில், ஒரே நாளில், அடுத்தடுத்த பாத்திகளில் விதைத்து, ஒரே உரம், ஒரே தண்ணீர் கொடுத்து, இரண்டிலும் முதல் தழைவிலேயே விதை எடுக்க வேண்டும். அந்த விதைகளை விதைத்துப் பார்த்தால் விடை தெரிந்துவிடும். வித்தியாசம் போய்விட்டால், அது தாயின் வளர்ப்பு. அடுத்த தலைமுறையிலும் தொடர்ந்தால் அது வம்சம். பக்கத்துக் காட்டுத் தானியச் சோளத்தின் மகரந்தம் கலந்திருக்கலாம். கலப்பு நடந்த விதையில் உயரம், தூர், கதிரின் வடிவம், இலையின் அகலம் எல்லாம் செடிக்குச் செடி மாறியிருக்கும். இந்த அடையாளத்தைக் கண்ணாலேயே பார்த்துவிடலாம்.

ரகம் உருவாக்குபவர்களும் இதே வேலையைத்தான் செய்கிறார்கள். 'அ'-வைத் தாயாகவும் 'ஆ'-வைத் தந்தையாகவும் வைத்து ஒரு கலப்பு; பிறகு மாற்றிப் போட்டு இன்னொரு கலப்பு. இரண்டிலும் கருவுக்குக் கிடைக்கும் பரம்பரைக் குணங்கள் ஒன்றுதான். நாற்றுகளில் வித்தியாசம் தெரிந்தால், அது தாயால் வந்தது. இந்தச் சோதனையைச் செய்யாமல், முளைத்த பத்தாவது நாளில் உயரமாக நிற்கும் நாற்றுகளை மட்டும் பொறுக்கிக்கொண்டே போனால், பல வருட உழைப்பில் கடைசியாகக் கையில் நிற்பது நல்ல சாப்பாடு சாப்பிட்ட தாயின் பிள்ளைகள் மட்டுமே. தழைக்கும் திறனும் பச்சைத்தீவன மகசூலும் அதில் இருக்கும் என்று சொல்ல முடியாது. சொந்தமாகத் தேர்வு செய்யும் விவசாயிகள், பலமுறை அறுக்கும் தீவனப் பயிரில் இரண்டாம், மூன்றாம் அறுப்பில் எந்தத் தூர் வேகமாகத் தழைக்கிறது என்று பார்த்துத் தேர்வு செய்வதே பாதுகாப்பானது.

தாயைத் தேர்ந்தெடுக்கும் கலை

தாயின் தாக்கத்தைத் தெரிந்தே பயன்படுத்தும் இடங்களும் உண்டு. கடைகளில் கிடைக்கும் சோளம்-சூடான் புல் வீரிய ஒட்டுத் தீவன விதை அப்படிப்பட்டது. அதில் தானியச் சோளம் தாய். சூடான் புல் தந்தை. விதை தானியச் சோளத்தின் கதிரில் விளைவதால், சூடான் புல் விதையைவிட இரண்டு மடங்குக்கு மேல் கனமாக இருக்கும். நாற்று முதல் நாளிலிருந்தே தெம்பாக எழும். தாயைத் தந்தையாக மாற்றினால், பரம்பரை மாறாது; ஆனால், விதை சிறுத்துவிடும்.

மக்காச்சோளத்தில் இந்தப் பிரச்னை ஒரு நூற்றாண்டுக்கு முன்பே வந்தது. சுயமகரந்தச் சேர்க்கையில் பல தலைமுறை வளர்த்த தாய்ச்செடிகள் நலிந்து, சின்னச் சின்ன விதைகளையே கொடுத்தன. உள்ளே இருக்கும் கரு வீரிய ஒட்டு. வெளியே உள்ள தாய் நோஞ்சான். அமெரிக்காவின் கனெக்டிகட்டில் டொனால்டு ஜோன்ஸ், வீரிய ஒட்டுச் செடியையே தாயாக வைத்து மறுபடியும் கலக்கும் 'இரட்டைக் கலப்பு' முறையை 1918 வாக்கில் முன்வைத்தார். தாய் தெம்பானது, விதை கொழுத்தது, விலையும் கட்டுப்படியானது. விவசாயிகள் வீரிய ஒட்டு விதை வாங்க முடிந்ததற்கு அதுவே வழி திறந்தது.

ஒரே தாயை நம்புவதில் ஆபத்தும் உண்டு. அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலம் டிஃப்டனில், தீவனப் பயிர் ஆராய்ச்சியாளர் கிளென் பர்ட்டன் உருவாக்கிய 'டிஃப்ட் 23ஏ' என்ற ஆண் மலட்டுக் கம்பைத் தாயாக வைத்துத்தான், 1965-ல் பஞ்சாபில் ஹெச்.பி. 1 வீரிய ஒட்டுக் கம்பு வந்தது. மகசூல் துள்ளியது. ஆனால், அந்தத் தாய் அடிச்சாம்பல் நோயைத் தாங்காது. சில வருடங்களில் நோய் பரவியபோது, அதே தாயில் பிறந்த ரகங்கள் எல்லாமே அடிவாங்கின. தாய் கொடுக்கும் தெம்பு பிள்ளைக்கு வருவதுபோலவே, தாயின் பலவீனமும் வரும்.

இப்போது செய்ய வேண்டியது

மச்சானின் காட்டில் ஓர் அடிக்கு இரண்டு, மூன்று நாற்றாவது இருந்தால், அழிக்க வேண்டியதில்லை. உடனே கைக்களை எடுத்து, தழைச்சத்து கொடுத்து, தண்ணீர் கட்டினால் பயிர் எழும். முதல் அறுப்பு சில நாட்கள் தள்ளிப்போகும், மகசூலும் குறையும். இரண்டாம் அறுப்பிலிருந்து தூர் கட்டிச் சமாளித்துவிடும். விழுந்துபோன இடங்களில் மட்டும் நல்ல விதையை ஊன்றலாம்.

ஒரு விஷயத்தில் கட்டாயம் எச்சரிக்கை தேவை. 'பயிர்தான் போச்சே' என்று அந்தக் காட்டில் மாடுகளை மேய விட்டுவிடக் கூடாது. இளம் சோளத்திலும், வாடி நிற்கும் சோளத்திலும், அறுத்த பின் புதிதாகத் துளிர்க்கும் குருத்திலும் சயனைடு நச்சு உருவாகும் பொருள் அதிகமாக இருக்கும். கொஞ்சம் தின்றாலே மாடு மூச்சுத்திணறி, நடுங்கி, சீக்கிரத்தில் விழுந்துவிடும். அறிகுறி தெரிந்ததும் காத்திருக்காமல் கால்நடை மருத்துவரை அழைக்க வேண்டும். நேரத்தோடு ஊசி போட்டால் காப்பாற்ற வாய்ப்பு உண்டு. பூக்கும் பருவத்தில் அறுத்துப் போடுவதே நல்லது.

மீதியுள்ள விதையைத் தூக்கிப் போட வேண்டாம். நன்றாகத் தூற்றி, சல்லடையில் சலித்து, கனமான மணிகளை மட்டும் தனியே எடுக்கலாம். 100 விதைச் சோதனையில் தேறினால், வழக்கமான ஏக்கருக்கு 2 கிலோவுக்குப் பதில் கொஞ்சம் கூட்டிப் போட்டு, மேலாக விதைத்து, முதல் மாதத்தில் களையை அண்டவிடாமல் பார்த்துக்கொண்டால் போதும்.

மச்சானுக்கு என்ன பதில்? ரகம் சரியானது என்பதைச் சொல்லலாம். கூடவே, கொடுத்த விதை நோஞ்சான் என்பதையும் ஒப்புக்கொண்டு, வாங்கிய காசைத் திருப்பிக் கொடுப்பதோ, ஊடு நடவுக்கு நல்ல விதை கொடுப்பதோதான் முறை. காசு வாங்கி விதை கொடுக்கும்போது, ரகத்தின் பெயருக்கு மட்டுமல்ல, அதன் வீரியத்துக்கும் கொடுத்தவர்தான் பொறுப்பு.

அடுத்த முறை விதைக்கு விடும்போது இவற்றைக் கவனிக்கலாம்:

* விதைக்கான இடத்தை விதைக்கும் நாளிலேயே ஒதுக்கிவிட வேண்டும். அந்த இடத்தில் தீவனத்துக்கு அறுக்கக் கூடாது. செடிகளுக்கு இடைவெளியும் கூடுதலாக இருக்கட்டும்.

* தொழுவுரத்தோடு, மணிச்சத்தை அடியுரமாகக் கட்டாயம் கொடுக்க வேண்டும். மணிச்சத்து குறைந்த மண்ணில் விளைந்த விதையின் நாற்றும் மணிச்சத்துக்கு ஏங்கும்.

* பூக்கும்போதும் பால் பிடிக்கும்போதும் தண்ணீர் தட்டக் கூடாது.

* மணி முதிர்வது மழைக்காலத்தில் விழாமல், தை, மாசி போன்ற காய்ந்த நாட்களில் வருமாறு விதைப்பைத் திட்டமிடலாம். மழையில் நனைந்த மணியில் பூஞ்சணம் ஏறிவிடும்.

* மணியின் அடியில் கறுப்புப் புள்ளி விழுந்தால், தாய் ஊட்டி முடித்துவிட்டது என்று பொருள். அதற்கு முன் அறுத்தால், விதை நிறையாது.

* நிழலில் உலர்த்தி, ஈரப்பதம் 12 சதவிகிதத்துக்குக் கீழே வந்த பிறகே சேமிக்க வேண்டும். ஈரம் 1 சதவிகிதம் குறைந்தால், விதையின் ஆயுள் ஏறக்குறைய இரட்டிக்கும் என்பது விதை சேமிப்பில் பழைய கணக்கு.

* அறுவடை செய்த உடனே விதைக்கக் கூடாது. இந்த ரகத்துக்கு 45-60 நாட்கள் உறக்க காலம் உண்டு. அதற்கு முன் சோதித்துவிட்டு, 'விதை செத்துப்போச்சு' என்று நினைப்பவர்கள் பலர்.

''கம்பு-நேப்பியர் ஒட்டுப்புல்லுக்கு விதையே கிடைக்கலை. கரணைதான் கிடைக்குது. கரணையிலயும் தாயோட தாக்கம் இருக்குமா?''

- நாமக்கல் மாவட்ட வாசகி.

கம்புக்கு 14 குரோமோசோம், நேப்பியருக்கு 28. இரண்டும் சேர்ந்து பிறக்கும் ஒட்டுப்புல்லுக்கு 21. ஒற்றைப்படையாகிவிடுவதால் சரியாகப் பிரிய முடியாமல், விதை பிடிக்காது. அதனால்தான் கரணை நடுகிறோம்.

இந்தக் கலப்பில் கம்புதான் வழக்கமாகத் தாய். கம்பில் சூல்முடி முதலில் வெளியே வரும். மகரந்தப்பை பிறகுதான் வரும் என்பதால், கலப்பு செய்வது சுலபம். கம்பு விதை நேப்பியர் விதையைவிடப் பல மடங்கு பெரியது என்பதால், கலப்பு நாற்றுக்கும் தொடக்கத்திலேயே தெம்பு கிடைக்கும்.

கரணையில் தாயின் தாக்கம் இன்னும் அதிகம். ஏனென்றால், கரணை தாயின் உடலேதான். சுமார் 3 மாதம் முதிர்ந்த தண்டின் அடிப்பகுதியிலும் நடுப்பகுதியிலும் சத்துச் சேமிப்பு அதிகம்; இளசான நுனிப்பகுதி சீக்கிரம் காய்ந்துவிடும். இரண்டு கணு உள்ள கரணைகளாக வெட்டி நடலாம். தாய்க்கு நோய் இருந்தால், அதுவும் கூடவே வரும். கிழக்கு ஆப்பிரிக்காவில் கென்யா, உகாண்டா பக்கம் நேப்பியர் புல்லைக் குட்டையாக்கும் நோய் பரவியதில், நோயுற்ற கரணைகளுக்கும் பங்கு உண்டு. குட்டையாக, மஞ்சள் பூத்து நிற்கும் தூரிலிருந்து, இலவசமாகக் கிடைத்தாலும் கரணை எடுக்க வேண்டாம்.

''வேலிமசால் விதை பாதி முளைக்குது, பாதி கல்லு மாதிரி கெடக்குது. விதை மோசமா?''

- ஈரோடு மாவட்ட வாசகர்.

விதை மோசமில்லை. தாய் போர்த்திவிட்ட உறை கெட்டியானது. தண்ணீர் உள்ளே போகவில்லை. காட்டில் ஒரே மழையில் எல்லாம் முளைத்து, வெயிலில் எல்லாம் சாகாமல் இருக்க, செடி செய்துகொண்ட ஏற்பாடு அது. தண்ணீரைக் கொதிக்க வைத்து இறக்கி, சில நிமிடங்கள் ஆறவிட்டு, 80 டிகிரி சூட்டுக்கு வந்ததும் விதையைப் போட்டு 5 நிமிடம் வைக்க வேண்டும். பிறகு குளிர்ந்த நீரில் ஓர் இரவு ஊறவைத்து விதைத்தால், ஒன்றாக முளைக்கும். கொதிக்கும் தண்ணீரில் நேரடியாகப் போட்டால், விதை வெந்துவிடும்.

''வீட்டுக்குப் பின்னால நின்ன ஒரே ஒரு குதிரைமசால் செடியில விதை எடுத்துப் போட்டேன். நாத்து சவலையா இருக்கு. இதுவும் தாயோட வளர்ப்புதானா?''

- கோயம்புத்தூர் மாவட்ட வாசகர்.

இது வேறு. குதிரைமசால், தேனீக்கள் மூலம் அயல் மகரந்தச் சேர்க்கை நடக்க வேண்டிய பயிர். தனியாக நிற்கும் செடி, தன் மகரந்தத்திலேயே விதை பிடித்தால், பிள்ளைகள் நலிந்துதான் பிறக்கும். எவ்வளவு உரம் கொடுத்து வளர்த்தாலும் அந்தக் குறை தீராது. குறைந்தது சில டஜன் செடிகளாவது ஒன்றாகப் பூக்கும் பாத்தியிலிருந்து, கலந்து விதை எடுக்க வேண்டும்.

''எங்க கொறங்காட்டுல கொழுக்கட்டைப் புல் எப்பவும் ஒரே மாதிரிதான் வருது. நல்ல தூரா பாத்துப் பொறுக்கி விதைச்சா ரகம் மேம்படுமா?''

- தாராபுரம் பகுதி வாசகர்.

கொழுக்கட்டைப் புல் பெரும்பாலும் மகரந்தக் கலப்பு இல்லாமலே கருவை உருவாக்கிக்கொள்ளும். பிள்ளை, தாயின் அச்சு அசல். அதனால், ஒரே தூரின் பிள்ளைகளுக்குள் வருடா வருடம் பொறுக்குவதால் பெரிய பலன் இருக்காது. ஆனால், கொறங்காட்டில் பல விதமான தூர்கள் கலந்து நிற்கும். கோடையில் கடைசி வரை பச்சையாக நின்று, முதல் மழையில் முதலில் தழைக்கும் தூரைக் கண்டுபிடித்து, அதன் விதையை மட்டும் தனியாகப் பெருக்கினால், அந்தக் குணம் அப்படியே தொடரும். புது விதைக்குச் சில மாதங்கள் உறக்கம் உண்டு என்பதால், இந்த வருடம் எடுத்த விதையை அடுத்த வருட மழைக்குப் பயன்படுத்துவது நல்லது.